29 வயது மகளின் அம்மா

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம், அதாவது வளர்ச்சியும் கற்றலும் மெதுவாக நடக்கும் ஒரு பிறவி நிலை, இருக்கிறது என்று தெரிந்தவுடன் ஓர் அம்மா என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு இன்று நிறைய பேர் இருக்கிறார்கள். எத்தனையாவது மாதத்தில் பிசியோதெரபி, எப்போது பேச்சுப் பயிற்சி, எந்த வயதில் பள்ளி என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் குழந்தைக்கு 18 வயது முடிந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பள்ளி முடிகிறது, பயிற்சிகள் முடிகின்றன, அதற்குப் பிறகு வரும் 40 வருடங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கைக்குழந்தையோடு வரும் இளம் அம்மாக்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்பது இதைத்தான்: "அக்கா, பெரியவங்க ஆனா எப்படி இருப்பாங்க?" அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 29 வயது. ஒரு நூலகத்தில் காலை நேர வேலை. வாசகர்கள் திருப்பித் தந்த புத்தகங்களை, முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து வண்டியில் வரிசையாக அடுக்கி, அந்தந்த அலமாரியில் வைக்க வேண்டும். பிடிவாதக்காரி. நீலம் தவிர வேறு நிறத்தை எளிதில் ஏற்கமாட்டாள். நீளமான வாக்கியம் பேச வராது, நான்கைந்து சொற்களில் முடித்துக்கொள்வாள். ஆனால் ஒருவரை ஒருமுறை பார்த்தால் அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பது வரை மறக்கமாட்டாள். அவளைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. பேர் போடாத. போட்டோ போடாத" என்றாள். வேறு இரண்டு விஷயங்களையும் எழுதக் கூடாது என்றாள். அவை இதில் இல்லை.

அவள் பிறந்தபோது ஒரு மருத்துவர், "ரொம்ப எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ளாதீர்கள், இதயம் வேறு பலவீனமாக இருக்கிறது" என்றார். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். என் மகளுக்கு இதயத்தின் நடுச்சுவரில் பெரிய ஓட்டை, வால்வும் சரியாகப் பிரியவில்லை. நுரையீரலுக்குள் ரத்த அழுத்தம் ஏறி நிரந்தரச் சேதம் ஆவதற்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும். அவளுக்கு ஆறு மாதத்தில் செய்தார்கள். அமெரிக்காவில் 1983-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயது. இன்று சுமார் 60. இடையில் மாறியது இந்த நிலைக்குக் காரணமான குரோமோசோம் (உயிரணுவுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை) இல்லை. இதய அறுவை சிகிச்சை கைக்குழந்தைகளுக்கும் கிடைக்கத் தொடங்கியது, காப்பகங்களில் அடைத்துப் போடும் வழக்கம் குறைந்தது, மற்றவர்களுக்குத் தரும் சிகிச்சையை இவர்களுக்கும் தரத் தொடங்கினார்கள். அதனால்தான் நம் பிள்ளைகள் நாற்பதும் ஐம்பதும் பார்க்கிறார்கள். அதனால்தான் அந்த வயதுகளைப் பற்றி இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

காரணம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னமும் அம்மாக்களைத்தான் குறை சொல்கிறார்கள். உடலின் உயிரணுக்களில் 21-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது, அவ்வளவுதான். இதை 1959-லேயே பிரான்சில் ழெரோம் லெழென், மார்த் கோத்தியே ஆகியோர் கண்டறிந்து வெளியிட்டுவிட்டார்கள். பெரும்பாலும் செல் பிரியும்போது தற்செயலாக நடப்பது அது. நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது எதையோ பார்த்துப் பயந்ததாலும் வராது, எதையோ தூக்கியதாலும் வராது. இதைச் சொல்லி உங்களைக் குத்துகிறவர்களிடம் விளக்கம் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். பிள்ளைக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் கணக்கு ஆசிரியை. சொல்லிக்கொடுப்பது தொழில் என்பதால், எதை எப்படிச் சொல்லிக்கொடுத்தோம் என்பதை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. மகள் விஷயத்தில் எனக்கு மிகவும் கைகொடுத்தது ஒரு முறை. ஒரு செயலைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கிக் கற்றுத்தருவது. சட்டை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லா பட்டனையும் நான் போட்டுவிட்டு, கடைசிப் பட்டனை மட்டும் அவளிடம் விடுவேன். அது நன்றாக வந்த பிறகு கடைசி இரண்டு. அப்புறம் மூன்று. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்து வைப்பது அவள். முதல் படியிலிருந்து தொடங்கினால் நடுவில் சிக்கிக்கொண்டு, மீதியை நாம் பிடுங்கி முடிப்போம். தோற்றுப்போய்த்தான் ஒவ்வொரு நாளும் முடியும். பல் தேய்ப்பது, படுக்கை விரிப்பது, துணி மடிப்பது எல்லாம் இப்படித்தான் வந்தது. இன்னொன்று, இவர்களுக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது நன்றாக நிற்கும். குளியலறைச் சுவரில் படிப்படியாகப் புகைப்படங்களை ஒட்டியிருந்தேன். எல்லாவற்றிலும் அவளே இருந்தாள். வேறு யாரோ ஒரு பெண்ணின் படம் ஒட்டினால் அதைப் பார்த்து ரசித்துக்கொண்டு நிற்பாள், வேலை நடக்காது.

சரி, இதெல்லாம் சிறு வயதுக் கதை. இப்போது யாரும் சத்தமாகப் பேசாத விஷயத்துக்கு வருகிறேன்.

அவளுக்கு 13 வயதில் மாதவிடாய் வந்தது. மற்ற பெண்களுக்கு வரும் அதே வயதுதான். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு மருத்துவர் மிகவும் இயல்பாகச் சொன்னார்: "கர்ப்பப்பையை எடுத்துவிடலாமே. அவளுக்கு அது எதற்கு? உங்களுக்கும் சுமை குறையும்." உறவினர்கள் சிலரும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். சொன்னவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் மேல் இருந்த இரக்கத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த இரக்கத்தில் அவள் எங்கேயும் இல்லை. நோய் ஒன்றும் இல்லாத ஓர் உறுப்பை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பிறரின் வசதிக்காக வெட்டி எடுப்பது. நான் மறுத்துவிட்டு வந்தேன்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியது. அதன் 23-ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் உட்பட, மற்றவர்களுக்கு இணையாகத் தங்கள் கருவுறும் தன்மையைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பற்றி எழுதியிருக்கிறார்கள். இதை உலக அளவில் எழுதி வைக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த அளவுக்கு எல்லா இடங்களிலும் இது நடந்திருக்கிறது.

அவளுக்குப் பழக்கும் வேலையை முன்கூட்டியே ஆரம்பித்தேன். நான் நாப்கின் மாற்றும்போது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ரத்தம் என்றால் அடிபட்டுவிட்டது என்றுதான் அவளுக்குத் தெரியும். அந்தப் பயம் போவதற்கே நாளானது. பிறகு நாப்கினில் சிவப்புச் சாயம் சில சொட்டுகள் விட்டு, எடுப்பது, சுருட்டுவது, காகிதத்தில் மடிப்பது, குப்பைத் தொட்டியில் போடுவது, கை கழுவுவது என்று விளையாட்டு போலப் பழகினோம். இதையும் கடைசிப் படியிலிருந்துதான். கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்தோம், அடித்தால் மாற்ற வேண்டும். பள்ளிப் பையில் நீல நிறத்தில் தனியாக ஒரு சின்னப் பை. வலியைச் சொல்ல வார்த்தை வராத நாட்களில் காட்டுவதற்கு, சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த ஓர் அட்டை. 15 வயதில் அவள் என் உதவியே இல்லாமல் இதைப் பார்த்துக்கொண்டாள். 29 வயதிலும் பார்த்துக்கொள்கிறாள். எந்த மாதமாவது தள்ளிப்போனால் அவளே வந்து சொல்கிறாள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். எதற்கு என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். யாராவது அவளிடம் தவறாக நடந்துகொண்டால் கர்ப்பம் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அந்த எண்ணம். அறுவை சிகிச்சை செய்தால் கொடுமை நிற்காது. கொடுமை நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். பாதுகாப்பு என்பது வேறு. உடல் உறுப்புகளின் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். யார் எதற்காகத் தொடலாம், யார் தொடக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். உடை மாற்றும்போது கதவைச் சாத்த வேண்டும், மற்றவர்களும் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "வேண்டாம்" என்று சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளை நாம் எப்படிப் பழக்குகிறோம் என்று பாருங்கள். சொன்னதைக் கேட்டால் நல்ல பெண். உட்கார் என்றால் உட்கார வேண்டும், கையைக் கொடு என்றால் கொடுக்க வேண்டும், மாமாவுக்கு முத்தம் கொடு என்றால் கொடுக்க வேண்டும். பயிற்சி முழுவதும் கீழ்ப்படிதல்தான். வீட்டில் அம்மாவிடமே மறுத்துப் பேசிப் பழகாதவள், வெளியில் ஒருவன் கையைப் பிடிக்கும்போது மட்டும் எப்படி மறுப்பாள்? இது மனதில் பட்ட பிறகு, அவள் மறுத்தால் அதற்கு வீட்டில் மரியாதை உண்டு என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். எனக்கு அவளுடைய நீளமான கூந்தல் மிகவும் பிடிக்கும். 17 வயதில், வெட்ட வேண்டும் என்றாள். வெட்டினோம். உறவினர் வீட்டுக்கு வரமாட்டேன் என்றால், அவளோடு வீட்டில் ஒருவர் தங்கினோம். மருந்து போன்ற சில விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை, அதற்கும் ஏன் என்று சொல்லிவிடுவோம். இதில் சிரமம் நிறைய உண்டு. அவசரமாகக் கிளம்பும் காலையில் மகள் காலணியைக் கையில் வைத்துக்கொண்டு "வேண்டாம்" என்று உட்கார்ந்தால் ரத்தம் கொதிக்கும். ஆனாலும் அந்தச் சொல்லை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை.

குழந்தைகள் நல மருத்துவரை விட்டுப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போவது தனி அத்தியாயம். 20 வயது வரை பொம்மைகளுக்கு நடுவே காத்திருந்தோம். அதற்குப் பிறகு யாரிடம் போவது என்று வழிகாட்ட ஆளில்லை. புதிய மருத்துவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், என்னைப் பார்த்துக் கேட்பார்கள்: "தூங்குறாங்களா? எங்க வலிக்குதாம்?" நான் பதில் சொல்லாமல் மகளின் பக்கம் திரும்பிவிடுவேன். கேள்வியை அவள் உள்வாங்கிப் பதிலைத் தேடி எடுக்கப் பத்து விநாடியாவது வேண்டும். அந்தப் பத்து விநாடி மௌனம் பலருக்குத் தாங்காது. அதற்குள் வேறு கேள்வி கேட்டுவிடுவார்கள், அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். "கொஞ்சம் பொறுங்க டாக்டர், சொல்வா" என்பதை நான் எத்தனை அறைகளில் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. பொறுத்தவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

22 வயதில் திடீரென்று மந்தமானாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. தொலைக்காட்சியைக் காது கிழியும் அளவுக்கு வைத்தாள். வேலைப் பயிற்சியில் சொல்வதைக் கேட்பதில்லை என்று புகார் வந்தது. பார்த்த மருத்துவர், "இந்த நிலை உள்ளவர்கள் வளர வளர இப்படி ஆவது சகஜம்" என்றார். என்ன வந்தாலும் டவுன் சிண்ட்ரோம் தலையில் போட்டுவிட்டு, வேறு காரணம் தேடாமல் விடுவது இவர்கள் வாழ்வில் ஓயாமல் நடக்கிறது. வேறு ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் காதைப் பார்த்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதுத் துளை குறுகலாக இருப்பதால் அழுக்கு எளிதில் அடைத்துக்கொள்ளும். இரண்டு காதிலும் கல் போல இறுகியிருந்தது. சொட்டு மருந்து விட்டு, சுத்தம் செய்தார்கள். அன்று மாலை அண்ணன் தொலைக்காட்சி போட்டதும், "சத்தம் குறை" என்று அவனைத் திட்டினாள்.

அதனால் மூத்த பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இதைச் சொல்கிறேன். மந்தம், கோபம், தூக்கமின்மை, பழகிய வேலையைச் செய்ய மறுப்பது, இதில் எது வந்தாலும் முதலில் உடம்பைப் பாருங்கள். காது, கண், பல். தைராய்டுக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, ஏனென்றால் இவர்களுக்குத் தைராய்டு குறைவது மிகவும் அதிகம், அதுவும் மனச்சோர்வு போலவே தெரியும். இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் தூக்கப் பரிசோதனை. திடீரென்று நடை தடுமாறினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ கழுத்துப் பகுதி முதுகெலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலை விஷயத்தில் நான் சொல்வதற்கு அதிகம் இல்லை, அது அவள் சாதித்தது. எண்களின் வரிசை அவளுக்கு நன்றாக வரும், கூட்டல் கழித்தல் வராது. கணக்கு ஆசிரியையின் மகள்! கழித்தலை விட்டுவிடுவது என்று நானே முடிவு செய்தேன். கடையில் விலை எவ்வளவு சொன்னாலும், அதைவிடச் சற்றுக் கூடுதலான தொகைக்கு நோட்டு நீட்டி மீதியை வாங்கிக்கொள்ளப் பழக்கினேன். மீதி சரியா என்று பார்க்க வராது, ஆனால் ரசீதை வாங்கி வருவாள். அது போதும். வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோது அங்கிருந்தவர் என்னிடம், "இவங்களுக்குக் கையெழுத்து போடத் தெரியுமா?" என்றார். "அவகிட்டயே கேளுங்க" என்றேன். அவள் பேனாவைத் தேடி எடுத்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். நேரம் எடுத்தது. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். அந்த ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் இவர்களும் மற்றவர்களுக்குச் சமமானவர்கள், முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் அந்த உதவியைத் தர வேண்டும் என்கிறது. அவளுக்குப் பதிலாக நான் முடிவெடுப்பது வேறு, அவள் முடிவெடுக்க நான் உதவுவது வேறு. படம் காட்டி, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி, இரண்டு வழிகளையும் செய்து பார்க்க விட்டு, பிறகு கேட்டால் அவளால் பெரும்பாலானவற்றில் முடிவு சொல்ல முடிகிறது.

என் கணவர் இறந்தபோது அவளுக்கு 24. அவளிடம் சொல்ல வேண்டாம், புரியாது, ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடு என்று பலர் சொன்னார்கள். தூங்குகிறார் என்று சொல் என்றார் ஒருவர். அப்படிச் சொன்னால் அவள் அடுத்து நான் தூங்கும்போது என்ன நினைப்பாள்? நான் அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்: "அப்பா செத்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யல. மூச்சு இல்ல. வலி இல்ல. இனிமே வரமாட்டார்." உடலைப் பார்த்தாள், கையைத் தொட்டாள். "ஜில்லுன்னு இருக்கு" என்றாள். அழவில்லை. எல்லோரும், பார்த்தாயா, இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.

ஏறக்குறைய அரை வருடம் கழித்துத்தான் வந்தது. வேலைக்குப் போக மறுத்தாள். அப்பாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். இரவில் தன் அறையில் தனியாகப் பேசத் தொடங்கினாள், சில நாட்கள் மணிக்கணக்கில். இவர்களுக்குத் துக்கம் பல மாதம் தள்ளி வெளிப்படுவது உண்டு. சுற்றியிருக்கிறவர்கள் அதற்குள் மறந்துபோயிருப்பார்கள் என்பதால், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

தனக்குத் தானே பேசுவதைக் கேட்ட ஒரு மருத்துவர், மனநோய் என்று சொல்லி அதற்கான மாத்திரையை எழுதினார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்கள் பலர் தனக்குத் தானே பேசுவார்கள் என்பதை நான் படித்திருந்தேன். அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் இவர்களில் பெரியவர்களுக்காக 1992 முதல் ஒரு மருத்துவ மையம் இயங்குகிறது. அங்குள்ளவர்கள் நீண்டகால அனுபவத்தில் சொல்வது இது: அந்தப் பேச்சு பெரும்பாலும் இயல்பானது. நாம் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதை அவர்கள் வாய்விட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். பேச்சின் அளவோ தொனியோ திடீரென்று மாறினால்தான் கவனிக்க வேண்டும். என் மகள் சிறு வயதிலிருந்தே அன்றைய நாளை இரவில் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். இப்போது அது கூடியிருந்தது, அழுகையும் கலந்திருந்தது. சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். "அப்பா வேலைக்குப் போயிருக்கார். இல்ல. செத்துட்டார். வரமாட்டார்." மறுபடி மறுபடி இதுதான். புரியாதவள் பேசும் பேச்சா இது? நான் மாத்திரையை நிறுத்தி வைத்து இன்னொரு மனநல மருத்துவரிடம் கருத்துக் கேட்டேன். அவர் இது துக்கம் என்றார். அப்பாவின் படங்களை ஒட்டி ஒரு புத்தகம் செய்தோம். தினமும் மாலையில் ஒரு பக்கம் பார்ப்போம், அவள் கதை சொல்வாள். கண்ணாடியை அவளே வைத்துக்கொண்டாள். சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினாள். சிலருக்கு மாத்திரை உண்மையாகவே தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காரணம் தேடிய பிறகு கொடுக்கட்டும் என்பதே என் கோரிக்கை.

அவளுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. பயிற்சி மையத்தில் பழக்கமானவர், அவருக்கும் டவுன் சிண்ட்ரோம். தினமும் மாலையில் வீடியோ அழைப்பில் பேசுகிறார்கள், பாதி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டவர்கள் "ஐயோ, எவ்வளவு அழகு" என்று கொஞ்சுவார்கள், குழந்தைகள் விளையாட்டைப் பார்ப்பது போல. அது விளையாட்டில்லை, அவர்கள் இருவருக்கும் வயது முப்பதை நெருங்குகிறது. திருமணம் பற்றி மகள் கேட்டிருக்கிறாள். நானும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல அனுமதி.

அடுத்ததை எழுத எனக்குக் கை தயங்குகிறது, ஆனாலும் அம்மாக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நினைவை மெல்ல மெல்ல அழிக்கும் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் உருவாகக் காரணமான மரபணு 21-ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. மூன்று பிரதி இருப்பதால் அந்தப் புரதம் கூடுதலாகச் சேர்கிறது. 40 வயதுக்குள் இவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அந்தப் படிவு இருக்கும். அறிகுறிகள் பெரும்பாலும் ஐம்பதுகளில் தெரியத் தொடங்கும், சிலருக்கு முன்னதாகவே. பிரச்சினை என்னவென்றால், அவள் எதையாவது மறந்தால், "இது அவளுக்கு முன்பு தெரியுமா?" என்று புதிய மருத்துவர் கேட்பார். பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன். அதனால் அவள் நன்றாக இருக்கும்போதே பதிவு செய்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவளை வீடியோ எடுக்கிறோம். படுக்கையை விரிக்கிறாள், பெயர் எழுதுகிறாள், படியேறி இறங்குகிறாள், அந்த வாரம் என்ன நடந்தது என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும்: "டாக்டருக்கு. பின்னாடி பாக்க." அதோடு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை இவையும் மறதி போலத் தெரியும் என்பதால், அல்சைமர் என்று முடிவுகட்டுவதற்கு முன் அவற்றைப் பார்க்க வேண்டும் என்று கோப்பின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தக் கோப்பு எனக்குப் பிறகான காலத்துக்கு. அதில் அறுவை சிகிச்சை விவரம், மருந்துகள், வங்கிக் கணக்கு எல்லாம் உண்டு. அவளுக்கு இருட்டு பிடிக்காது, பின்னாலிருந்து தொட்டால் பயப்படுவாள், கோபமாக இருக்கும்போது பேசக் கூடாது, பொறுத்தால் தானாக வருவாள் என்பதெல்லாம் உண்டு. ஆனால் கோப்பு மட்டும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளாது. ஆட்கள் வேண்டும், அதுவும் பலர் வேண்டும். ஒரே தூணில் நிற்கும் கூரையாக அவள் வாழ்க்கை இருக்கக் கூடாது என்பதற்காக, சில வருடங்களாக ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆளிடம் மாற்றி வருகிறேன். மருத்துவரிடம் அவளோடு என் தோழி போகிறாள். வங்கிக்கு அண்ணன் போகிறான். நூலகத்தில் ஏதாவது பிரச்சினை என்றால் என்னை அழைப்பதற்கு முன் அவளிடம் பேச ஒரு சக ஊழியர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மாதத்தில் சில நாட்கள், உதவியாளர் ஒருவர் கூடவே இருக்கும் ஒரு வீட்டில், இன்னும் மூன்று பெண்களோடு தங்குகிறாள். முதல் முறை போனபோது என்னைத் தொலைபேசியில் அழைக்கவே இல்லை. நானே அழைத்தேன். "வேலை இருக்கு, அப்புறம் பேசு" என்றாள்.

மகனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். "கவலையே வேண்டாம், அண்ணன் இருக்கிறானே" என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். அவனுக்கு ஏழு வயதிலிருந்தே அவன் காதுபட இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். தங்கையை அவன் உயிராக நேசிக்கிறான். அதற்காக அவன் வாழ்க்கையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. அவன் அவளுக்கு அண்ணனாக இருக்கட்டும். அழைத்துப் போகட்டும், சண்டை போடட்டும், பணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். அவளுடைய மீதி வாழ்க்கைக்கு ஒற்றைக் காவலாளியாக அவனை நிறுத்தமாட்டேன்.

சென்ற மாதம் மூவரும் உட்கார்ந்து இதைப் பேசினோம். எனக்குப் பிறகு அவள் தன் வீட்டுக்கு வந்துவிடட்டும் என்று அவன் சொன்னான். அவன் மனைவிக்கும் சம்மதம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவனே தடுத்து, "இருங்கம்மா, அவளைக் கேப்போம்" என்றான். படங்களை மேசையில் வைத்தோம்: அண்ணன் வீடு, இந்த வீடு, அந்த மூன்று பெண்களோடு தங்கும் வீடு. அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு மூன்றாவது படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அண்ணா வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள். அவன் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்து, "ரெண்டு நாள்" என்று மாற்றிக்கொண்டாள்.

அந்த வீட்டில் நிரந்தரமாக இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கென்று தனி அறை கிடைக்குமா, மாலை அழைப்புக்கு இணைய வசதி உண்டா, இரவு உதவியாளர் யார், நூலகத்துக்கு அங்கிருந்து தனியாகப் போய்வர எந்த வழி பாதுகாப்பானது என்பதை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு நீலம் அடிக்க முடியுமா என்பதை அவளே விசாரித்துவிட்டாள். முடியுமாம்.